தம்பிக்கு ரிஸ்பெரிடோனா, ஓலன்சபினா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கல்லிடைக்காரி

வணக்கம். தம்பிக்கு 20 வயது, பொறியியல் மூன்றாம் ஆண்டு. தினமும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல்லைக்கு பஸ்ஸில் போய் வருகிறவன். தை மாதம் தூக்கம் போனது. எதிர்வீட்டுத் திண்ணையில் அப்பளம் இடுகிற பெண்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சன்னலைச் சாத்த ஆரம்பித்தான். பங்குனியில் செல்போனைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டான். உள்ளேயிருந்து யாரோ ஒட்டுக்கேட்கிறார்களாம். குலதெய்வக் கோயிலுக்கு மூன்று முறை போனோம். தெருவில் "பையனுக்குக் கோட்டி பிடித்துவிட்டது" என்ற பேச்சு எழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

இப்போதைக்கு இது சைக்கோசிஸின் (இல்லாததைக் கேட்பது, நம்புவது) முதல் தாக்குதல், மனச்சிதைவு என்று இன்றே பெயர் வைக்க வேண்டாம் என்றார். ரிஸ்பெரிடோன் 2 மி.கி. கொடுத்தார். பத்து நாளில் 4 மி.கி. ஆனது. கூடவே பக்கவிளைவுக்கு ட்ரைஹெக்சிஃபெனிடில். சன்னலைத் திறக்கிறான், தூங்குகிறான், அம்மாவிடம் பேசுகிறான். ஆனால் உட்கார மாட்டேன் என்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது கவளத்துக்குள் எழுந்துவிடுகிறான். முற்றத்துக்கும் புழக்கடைக்கும் நடை. இரவு மூன்று மணிக்கும் நடை. நோய் முற்றுகிறது என்று அப்பா பயப்படுகிறார்.

அடுத்த தெருப் பையனுக்கு ஓலன்சபின் கொடுத்து ஒரே வாரத்தில் சரியானதாம். நாமும் மாற்றித் தரச் சொல்லலாமா?

பாளை மருந்துக்கடை

தங்கச்சி, 31 வருடம் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். அடுத்த வீட்டு மாத்திரை அட்டையைக் கையில் கொண்டுவந்து "இதுவே கொடுங்கள் அண்ணாச்சி" என்று நிற்பவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்த்திருக்கிறேன். சட்டை இரவல் வாங்கலாம், இதை வாங்கக்கூடாது. ஓலன்சபின் நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டு வருகிற வீட்டிலிருந்து ஆறு மாதத்தில் சர்க்கரை மாத்திரைச் சீட்டும் வந்துவிடும்.

முக்கூடல் அம்மா

அண்ணாச்சி சொல்வது எங்கள் வீட்டுக் கதை. மகனுக்கு 19 வயதில் வந்தது. ஓலன்சபின் 10 மி.கி., பிறகு 15. பிழைத்து எழுந்தான், அந்த மாத்திரைக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் பசி என்றால் அப்படி ஒரு பசி. இரவு பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பான். ஒரு மணிக்கு அடுக்களையில் சத்தம் கேட்கும். விளக்கைப் போட்டால், காலைக்கு என்று தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பானையோடு மடியில் வைத்துக்கொண்டு, ஊறுகாய்கூட இல்லாமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைப்பான். திட்டவும் மனம் வராது, தடுக்கவும் மனம் வராது. எட்டு மாதத்தில் 17 கிலோ. 23 வயதில் சர்க்கரை. பீடி சுற்றுகிற கூலியில் இதற்கும் ஒரு மாத்திரை.

முதல் நாளே எடை பார்த்து எழுதி வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்தாவது கிலோவிலேயே கேட்டிருப்பேன்.

பொதிகைக்காற்று

மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து இப்போது வெளியூரில் வேலை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்து சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், அக்கா, அந்த நடை நோய் முற்றுவதால் வருவதாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மருந்தின் பக்கவிளைவு என்றே முதலில் சந்தேகிப்பேன். அகதிசியா என்று பெயர். காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல, உள்ளுக்குள் யாரோ எழுப்பி எழுப்பி விடுவதுபோல இருக்கும் என்பார்கள். நோய் என்று நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் கூடும். ட்ரைஹெக்சிஃபெனிடில் இறுக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் உதவும், இந்தத் தவிப்புக்கு அவ்வளவாக உதவாது. இதற்கு அளவைக் குறைப்பார்கள், அல்லது ப்ரொப்ரனலால் சேர்ப்பார்கள். வீசிங் இருந்தால் ப்ரொப்ரனலால் கூடாது, அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களும் உண்டு.

இனி மருந்துகளை ஒப்பிடும் கேள்வி. முதல் தாக்குதலில் இருப்பவர்களை மட்டும் வைத்து நடந்த பெரிய ஆய்வு யூஃபெஸ்ட். ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் 498 பேர், 2008இல் வெளியானது. ஹாலோபெரிடால், அமிசல்பிரைட், ஓலன்சபின், குவெட்டியாபின், சிப்ராசிடோன் ஐந்தையும் ஒரு வருடம் பார்த்தார்கள். நோயின் அறிகுறி குறைந்தது எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 60 சதவீதம். மருந்தை நிறுத்தியவர்களின் கணக்கில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹாலோபெரிடாலில் 72 சதவீதம், குவெட்டியாபினில் 53, சிப்ராசிடோனில் 45, அமிசல்பிரைடில் 40, ஓலன்சபினில் 33. யாருக்கு எந்த மருந்து என்று டாக்டர்களுக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. ஹாலோபெரிடால் பழைய மருந்து என்ற எண்ணமே அதைச் சீக்கிரம் நிறுத்த வைத்திருக்கலாம்.

வட அமெரிக்காவில் 400 பேரிடம் ஓலன்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மூன்றையும் ஒப்பிட்ட கேஃப் ஆய்வில் (2007) யாருக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது. அதில் மூன்றிலும் ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள். எனவே அடுத்த தெருப் பையனுக்குக் கேட்டது உங்கள் தம்பிக்கும் கேட்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. க்ளோசபினைத் தவிர்த்துப் பார்த்தால், முதல் தாக்குதலில் எது வலுவானது என்பது சின்னக் கேள்வி. உடம்பில் எது எதைக் கெடுக்கும், அதில் உங்கள் தம்பியால் எதைப் பொறுக்க முடியும் என்பதுதான் பெரிய கேள்வி.

பாளை மருந்துக்கடை

டாக்டர் தம்பி, சதவீதம் எல்லாம் சரி. ஹாலோபெரிடாலை அவ்வளவு மட்டமாகப் பேச வேண்டாம். எங்கள் காலத்தில் அதையும் குளோர்ப்ரோமசினையும் விட்டால் வேறு கதி கிடையாது. அதைச் சாப்பிட்டுக் கல்யாணம் செய்து பேரன் எடுத்தவர்கள் பாளையில் இருக்கிறார்கள்.

பொதிகைக்காற்று

மட்டமாகச் சொல்லவில்லை அண்ணாச்சி. குளோர்ப்ரோமசின் 1952இல் பாரிசில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகுதான் சங்கிலிக்கு மாற்றாக ஒன்று கிடைத்தது. சிக்கல் அளவில். யூஃபெஸ்ட் ஆய்வில் ஹாலோபெரிடால் 1 முதல் 4 மி.கி.தான். நம் ஊரில் முதல்முறை வருகிற பையனுக்கே 10, 15 என்று போட்ட காலம் உண்டு. மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வாங்கிகளை நூற்றுக்கு 65 அளவில் அடைத்தாலே காதில் கேட்கும் குரல்கள் குறையத் தொடங்கும். 80ஐ நெருங்கினால் கை கால் இறுகும். நடுவே உள்ள வரப்பு ஒடுக்கமானது. முதல்முறை வருபவர்களுக்குக் குறைந்த அளவிலேயே கேட்கும், பக்கவிளைவும் குறைந்த அளவிலேயே வரும். ரிஸ்பெரிடோன் 2 மி.கி.யில் நாலு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பத்து நாளில் நாங்கள் அவசரப்படுகிறோம், வீட்டார் எங்களை அவசரப்படுத்துகிறார்கள். அண்ணாச்சிக்கு இன்னொரு திருத்தமும் உண்டு. ஓலன்சபின் எடுக்கும் எல்லோருக்கும் சர்க்கரை வந்துவிடாது. வீட்டில் ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் வாய்ப்பு கூடும்.

இரவுப் பணி

மனநல வார்டில் 26 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். 18 வயதுப் பையன், முதல் தடவை. சாயங்காலம் ஹாலோபெரிடால் ஊசி போட்டிருந்தது. நடு இரவில் கழுத்து பக்கவாட்டில் திருகிக்கொண்டது, கண் இரண்டும் கூரையைப் பார்த்து மேலே செருகிவிட்டன, நாக்கு வெளியே. கூட இருந்த தாத்தா என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "சுடலை இறங்கிவிட்டான் தாயி, எலுமிச்சம்பழம் இருக்கிறதா" என்று கேட்டார். புரோமெத்தசின் ஊசி போட்டோம். அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. பையன் தண்ணீர் கேட்டான். தாத்தா என் கையில் திருநீறு பூசிவிட்டார்.

இது டிஸ்டோனியா. இளவயது ஆண்களுக்கு முதல் சில நாட்களில் வரும். பார்க்கத்தான் பயம். ஆனால் அந்தப் பையன் அதன்பிறகு எந்த மாத்திரையையும் வாயில் வைக்க மறுத்தான். முதல் மருந்தின் முதல் வாரம் அவ்வளவு முக்கியம்.

சுடலை துணை

சிஸ்டர் சொன்னதைப் படித்தேன். கோயிலைக் கிண்டல் செய்கிறீர்களோ என்று முதலில் கோபம் வந்தது, அப்புறம் இல்லை என்று தெரிந்தது. எனக்கு 71 வயது. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் மகுட மேளம் அடிக்கும்போது நானே சாமி ஆடியவன். இங்கே மனநிலை சரியில்லாதவர்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ராமநாதபுரம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் எரிந்தபோது, 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியோடு கருகிய 28 பேருக்கும் வீடு இருந்தது. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் கொடை முடிகிற வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வை என்று சொல்கிற சாமியாடியை நம்ப வேண்டாம். அவர் சொல்வது சாமி வாக்கு அல்ல.

மேலப்பாளையத்து லாத்தா

பெண்பிள்ளைகளைப் பற்றி யாருமே பேசவில்லையே. என் தங்கச்சிக்கு 24 வயது. ரிஸ்பெரிடோனில் காதில் கேட்ட குரல்கள் நின்றன. மாதவிடாயும் நின்றது. ஐந்து மாதம். உம்மாவுக்கு வந்த பயத்தைச் சொல்லி முடியாது. கல்யாணம் ஆகாத பிள்ளை. ஒருநாள் துணி துவைக்கும்போது மார்பில் பால் கசிந்த கறையைப் பார்த்துவிட்டு உம்மா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கச்சியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதுவே அவளுக்கு மறுபடி சந்தேகம் கிளம்பப் போதுமானதாக இருந்தது.

கடைசியில் ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்த்தார்கள், ஏறியிருந்தது. அரிபிப்ரசோலுக்கு மாற்றினார்கள். முதல் இரண்டு வாரம் தூக்கமே இல்லை, அவளும் உங்கள் தம்பி போலத்தான் நடந்தாள். மூன்றாவது மாதம் மாதவிடாய் வந்தது. எடையும் ஏறவில்லை. இப்போது தையல் வேலைக்குப் போகிறாள்.

பொதிகைக்காற்று

லாத்தாவுக்கு நன்றி. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது அது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட் இரண்டும் புரோலாக்டினை ஏற்றுவதில் முன்னணி. ஆண்களுக்கும் வரும். ஆசை குறையும், வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை, சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அரிபிப்ரசோல் பெரும்பாலும் புரோலாக்டினைக் குறைக்கும், எடையும் அதிகம் ஏறாது, ஆனால் தவிப்பு வரலாம். உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும் மருந்து என்பதால் இன்று அளவை மாற்றினால் முழு விளைவு தெரிய இரண்டு வாரம் ஆகும். குவெட்டியாபினில் தூக்கமும், சட்டென்று எழுந்தால் தலைசுற்றலும்.

முக்கூடல் அம்மா

ஒன்று கேட்கிறேன், யாரும் ஏசக்கூடாது. மகன் நடுவில் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தான். ரிஸ்பெரிடோன் சொட்டு மருந்தாகவும் கிடைக்கிறது என்றார்கள். மூன்று மாதம் தேநீரில் கலந்து கொடுத்தேன். அது தப்பா?

பாளை மருந்துக்கடை

தேநீரில் கலக்கவே கூடாது தாயி. அந்தத் திரவம் தேநீரோடும் கோலா பானங்களோடும் ஒத்துப்போகாது. தண்ணீர், காப்பி, பால் என்றால் பரவாயில்லை. அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் போட்டிருக்கும், யார் படிக்கிறார்கள்?

மேலரதவீதி

எதில் கலக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிறீர்களே அண்ணாச்சி, கொஞ்சம் நில்லுங்கள். இந்த இழையில் அந்த மாத்திரைகளை விழுங்குகிறவன் இதுவரை நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடம்.

எனக்கு வந்த நோயே, சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்ற எண்ணம். வீட்டில் எனக்குத் தெரியாமல் மோரில் மாத்திரையைப் பொடித்துப் போட்டார்கள். டம்ளர் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள், எனக்குக் கோட்டியா, அவர்களுக்குக் கோட்டியா? நான் நினைத்தது நிஜமாகவே நடந்திருக்கிறது. அதன்பிறகு நாற்பது நாள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சந்திப்பு பஸ் நிலையம் பக்கம் கடையில் இட்லி, அதுவும் எனக்கு முன்னால் வேறொருவருக்குப் பரிமாறிய தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி.

முக்கூடல் அம்மா, உங்களை ஏசவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் செய்தார்கள். மாத்திரை வேலை செய்தது. ஆனால் அம்மா கையால் மோர் வாங்கிக் குடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முக்கூடல் அம்மா

அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இரவுப் பணி

மேலரதவீதி தம்பி சொன்னது சரி. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் (2017), தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க உரிமை இருக்கிறது. விழுங்கவே மறுப்பவர்களுக்கு வாயில் கரைகிற மாத்திரை உண்டு, மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ஆனால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஆட்கள் பெரும்பாலும் மறுப்பது மருந்தை அல்ல. வீட்டில் நாலு பேர் கூடி நின்று "விழுங்கு, வாயைத் திற" என்று பார்க்கிற அந்த நேரத்தை.

மேலரதவீதி

நான் எடுத்தவை: ரிஸ்பெரிடோன் (இறுகியது), ஓலன்சபின் (11 கிலோ), இப்போது அமிசல்பிரைட் குறைந்த அளவில். பீடி குடிப்பவர்களுக்கு ஒன்று. ஓலன்சபின் எடுத்த காலத்தில் நாளைக்கு ஒரு கட்டு பீடி. மஞ்சள் காமாலை வந்து மருத்துவமனையில் கிடந்தபோது பீடி நின்றது. அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் பகல் முழுதும் தூக்கம். புகை இந்த மருந்தை ஈரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறதாம். புகை நின்றால் ரத்தத்தில் மருந்து ஏறும். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. க்ளோசபினுக்கும் இதே கதைதான்.

சுடலை துணை

க்ளோசபின் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அது என்ன அவ்வளவு பெரிய மருந்தா?

பொதிகைக்காற்று

இரண்டு மருந்தைச் சரியான அளவில் போதுமான வாரங்கள் கொடுத்தும் கேட்காதபோது எடுப்பது அது. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வேறு எதற்கும் அசையாதவர்களில் 30 சதவீதம் பேருக்கு அது கேட்டது. ஒப்பிட்ட குளோர்ப்ரோமசினில் 4 சதவீதம். ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். 1975இல் ஃபின்லாந்தில் அப்படிச் சிலர் இறந்து போனார்கள். அதனால் முதலில் வாரம்தோறும் ரத்தப் பரிசோதனை. மலச்சிக்கலையும் அலட்சியம் செய்யக்கூடாது. முதல் தாக்குதலில் முதல் மருந்தாக அது வராது.

மேலப்பாளையத்து லாத்தா

எத்தனை நாள் எடுக்க வேண்டும்? தங்கச்சிக்கு ஒரு வருடம் முடிகிறது. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் நிறுத்தலாமா என்று வாப்பா கேட்கிறார்.

பொதிகைக்காற்று

மாப்பிள்ளை வீட்டார் வரும் தேதியை வைத்து நிறுத்துவது ஆபத்து. ஹாங்காங்கில் முதல் தாக்குதலிலிருந்து மீண்டு ஒரு வருடமாவது மருந்து எடுத்த 178 பேரில், பாதிப் பேருக்குக் குவெட்டியாபினைத் தொடர்ந்தார்கள், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அடுத்த ஒரு வருடத்தில் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 41 சதவீதம், நிறுத்தியவர்களில் 79.

மேலரதவீதி

நெதர்லாந்து ஆய்வையும் சொல்லுங்கள் டாக்டர். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது.

பொதிகைக்காற்று

சொல்கிறேன். அங்கே முதல் தாக்குதலுக்குப் பிறகு கண்காணிப்போடு அளவைப் படிப்படியாகக் குறைத்தவர்களையும், அப்படியே தொடர்ந்தவர்களையும் ஏழு வருடம் கழித்துப் பார்த்தார்கள் (2013). முழுமையாக மீண்டவர்கள் குறைத்த பக்கத்தில் 40 சதவீதம், தொடர்ந்த பக்கத்தில் 18. சின்ன ஆய்வு, 103 பேர். எனக்கும் இதில் முடிந்த முடிவு இல்லை. குறைப்பதென்றால் டாக்டருக்குத் தெரிந்து, மெதுவாக, வீட்டில் ஒருவர் தூக்கத்தைக் கவனித்துக்கொண்டு. பரீட்சைக்கும் கல்யாணத்துக்கும் முந்தின மாதம் வேண்டவே வேண்டாம்.

கல்லிடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்றே டாக்டரிடம் போனோம். நாற்காலியில் உட்காரச் சொன்னார். தம்பி உட்கார்ந்தான், காலை மாற்றி மாற்றிப் போட்டான், எழுந்தான். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இது நோய் இல்லை, நான் கொடுத்தது" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அளவை மறுபடி 2 மி.கி. ஆக்கி, ப்ரொப்ரனலால் எழுதியிருக்கிறார். ட்ரைஹெக்சிஃபெனிடிலைப் பிறகு குறைக்கலாமாம். எடை 58 கிலோ. இடுப்பளவும் எடுத்தார்கள். ஓலன்சபினைப் பற்றிக் கேட்டேன். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சர்க்கரை என்றதும் கொஞ்சம் யோசித்து, இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வாரத்தில் இந்தத் தவிப்பு அடங்காவிட்டால் வேறு பார்க்கலாம் என்றார். தம்பி இந்த இழையை முழுதும் படித்துவிட்டான். தானும் எழுத வேண்டும் என்கிறான்.

ஆறாவது செமஸ்டர்

நான்தான் அந்தத் தம்பி. அக்கா எழுதியதில் ஒரு பிழை. நான் நடந்தது மூன்று மணிக்கு அல்ல, இரண்டு இருபதுக்கு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

எதிர்வீட்டு அத்தைமார் பேசியதை நான் கேட்டேன். இப்போது கேட்கவில்லை. அவர்கள் அன்று பேசவே இல்லை என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டரிடமும் இதையே சொன்னேன். பரவாயில்லை என்றார்.

எந்த மாத்திரை வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நேற்று அவர் கேட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகிற மாதிரி எது இருக்கிறதோ அது என்றேன். மேலரதவீதி அண்ணன், உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பலாமா? இட்லி விஷயம் பற்றிக் கேட்க வேண்டும்.

புதன்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமாம், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும். காலையில் கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போகலாமா?

மேலரதவீதி

தாராளமாக அனுப்புங்கள் தம்பி.

பாளை மருந்துக்கடை

தண்ணீர் மட்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் இரண்டு காப்பியாகக் குடியுங்கள்.